வாடகையா, சொந்த வீடா? நாற்பதைத் தாண்டிய குடும்பங்களுக்கு ஓர் எளிய கணக்கு

வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் சுற்றமும் நட்பும் தவறாமல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. "கொடுக்கிற வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வங்கித் தவணையே கட்டிவிடலாம். தவணை முடிந்தால் வீடு உங்களுடையது. வாடகை வெறும் ஆற்றில் கரைத்த புளி." முப்பது வயதில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி நகர்ந்துவிடலாம். நாற்பத்தைந்தில் அப்படி முடிவதில்லை. இப்போது வாங்காவிட்டால் இனி எப்போது வாங்குவது என்ற பதற்றம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பெற்றோருக்கு வயதாகிவிட்டது, சம்பளம் இன்னும் எத்தனை ஆண்டுகள் வரும் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் போடும் கையெழுத்து அடுத்த இருபது ஆண்டுகளைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால், கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த உறவினர் சொன்ன கணக்கில் உள்ள பிழை. வாடகையை மாதத் தவணையோடு ஒப்பிடக் கூடாது. வாடகை என்பது முழுக்கத் திரும்பி வராத பணம்; தவணையில் ஒரு பகுதி திரும்பி வராதது, ஒரு பகுதி உங்கள் சொத்தாக மாறுவது. போதாததற்கு, தவணைக்கு வெளியேயும் சொந்த வீட்டுக்குச் செலவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் திரும்பி வராத பணத்தை வைத்தால் மறுபக்கமும் திரும்பி வராத பணத்தைத்தான் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் மையக் கருத்து இதுதான். இது பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே புரியும்.

சொந்த வீட்டில் திரும்பி வராத பணம் எது?

முதலாவது, வட்டி. கடன் கொடுக்கும்போது வங்கி ஒரு தவணை அட்டவணை தரும். பலர் அதை மடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அதன் முதல் வரியைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 1,00,000 கடன், ஆண்டுக்கு 8 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். மாதத் தவணை 836 வரும். முதல் மாதம் கட்டும் 836-இல் வட்டிக்குப் போவது 667. அசலில் கழிவது 169 மட்டுமே. அதாவது ஐந்தில் நான்கு பங்கு, வாடகையைப் போலவே போய்விட்ட பணம். வாடகை வீட்டு உரிமையாளருக்குப் போயிற்று, இது வங்கிக்குப் போகிறது, அவ்வளவுதான். தவணையில் வட்டியும் அசலும் சரிபாதி ஆவதற்கே 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பத்து ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகும் கடன் 69,000 அளவுக்கு நிற்கும். பாதிக் காலம் ஓடியும் மூன்றில் ஒரு பங்கு கடன்கூடத் தீர்ந்திருக்காது. இருபது ஆண்டு முடிவில் கட்டிய மொத்தத் தொகை ஏறக்குறைய 2,00,700.

இரண்டாவது, கையிலிருந்து போடும் பணம் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம். வீட்டு விலையில் ஒரு பங்கை நீங்கள்தான் போட வேண்டும், வங்கி முழுவதும் தராது. அந்தப் பணம் வேறு எங்காவது வட்டியோ லாபமோ ஈட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் போட்டதும் அது நின்றுவிடும். யாரும் இதற்கு ரசீது தருவதில்லை என்பதால் செலவாகவே தோன்றாது. ஆனால் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய செலவு, ஏனென்றால் இருபது ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அங்கேதான் போகிறது.

மூன்றாவது, பராமரிப்பு. கட்டடத்துக்கும் வயது ஏறும். கூரையில் கசிவு, சுவரில் ஈரம், குழாயில் அடைப்பு, பழுதாகும் மின்கம்பி, ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு. இவற்றுக்காக ஆண்டுக்கு வீட்டு விலையில் 1 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பது பல நாடுகளிலும் புழங்கும் பொதுவான மதிப்பீடு. ஐந்து ஆண்டு ஒன்றுமே ஆகாமல், ஆறாவது ஆண்டில் மொத்தமாக வரும். வாடகைதாரர் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைப்பார். நீங்கள் கொத்தனாரை அழைப்பீர்கள். பிறகு சொத்து வரி, காப்பீடு, அடுக்குமாடியாக இருந்தால் சங்கத்துக்கு மாதக் கட்டணம்.

இவற்றையெல்லாம் கூட்டி, வீட்டின் விலை ஆண்டுதோறும் ஏறுவதாக நீங்கள் நம்பும் தொகையைக் கழித்தால், சொந்த வீட்டின் உண்மையான ஆண்டுச் செலவு கிடைக்கும். வாடகையை அதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். வீட்டின் விலை 100. கையிலிருந்து 30 போட்டு, 70 கடன் வாங்குகிறீர்கள். வட்டி 8 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டி 5.5 ஆகும். போட்ட 30 வேறெங்காவது 6 சதவீதம் ஈட்டியிருந்தால் 1.8. பராமரிப்பு, வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 1.5. மொத்தம் 8.8. வீட்டின் விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 4 கழிகிறது. மிச்சம் 4.8. இதே வீட்டை ஆண்டுக்கு 3-க்கு வாடகைக்கு எடுக்க முடியுமானால், வாடகை மலிவு. அதே வீட்டுக்கு 5 கேட்கிறார்கள் என்றால், வாங்குவது மலிவு. வீடு ஒன்றுதான், குடும்பம் ஒன்றுதான். முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது. எனவே "எப்போதும் சொந்த வீடுதான் நல்லது" என்றோ "வாடகைதான் புத்திசாலித்தனம்" என்றோ யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் பார்க்கும் தெருவில், நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு, விலையும் வாடகையும் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்று கேளுங்கள்.

அந்த விகிதத்தை மனக்கணக்காகவே போடலாம். வீட்டின் விலையை ஓராண்டு வாடகையால் வகுங்கள். 15-க்குக் கீழே வந்தால் வாங்குவதற்குச் சாதகம், 20-க்கு மேலே போனால் வாடகைக்குச் சாதகம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. வட்டி விகிதம் அதிகமுள்ள இடத்தில் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும், குறைவான இடத்தில் மேலே ஏறும். முடிவெடுக்க இது மட்டும் போதாது. ஆனால் விகிதம் 35 என்று வரும் இடத்தில் "வாடகை வீண்" என்று ஒருவர் பேசினால், அவர் கணக்குப் பார்க்கவில்லை என்பதை உடனே தெரிந்துகொள்ளலாம்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே வாடகை 3 என்று எடுத்துக்கொண்ட உதாரணத்தில் வாடகைக்காரர் ஜெயிப்பது ஒரே ஒரு நிபந்தனையோடுதான்: வீடு வாங்கியவர் தவணை, பராமரிப்பு, வரி, காப்பீடு என்று ஆண்டுக்குக் கையிலிருந்து கட்டும் தொகைக்கும் தன் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் விடாமல் சேமிக்க வேண்டும். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும்கூட, கையிலிருந்த 30-ஐயும் அந்த வித்தியாசத்தையும் 6 சதவீதத்தில் போட்டுவந்தால், 20 ஆண்டு முடிவில் அவரிடம் ஏறக்குறைய 265 இருக்கும். வீடு வாங்கியவரிடம் கடனில்லாத, 219 மதிப்புள்ள வீடு இருக்கும். அந்த 30-ஐ மட்டும் தொடாமல் வைத்திருந்து, வித்தியாசத்தையெல்லாம் செலவழித்துவிட்டவரிடம் 96தான் இருக்கும். 30-ஐயும் கரைத்தவரிடம் எதுவும் இருக்காது. வாடகை 5 என்றிருந்தாலோ, ஒழுங்காகச் சேமித்தவரிடம்கூட 154தான் மிஞ்சும். அங்கே வீடு வாங்கியவரே முன்னால் நிற்கிறார்.

265-க்கும் 96-க்கும் நடுவே உள்ள தூரம் முழுவதும் மனிதப் பழக்கம். தவணையைத் தவறவிட்டால் வங்கி கதவைத் தட்டும். சேமிப்பைத் தவறவிட்டால் யாரும் தட்டமாட்டார்கள். வீட்டுக் கடன் ஒரு கட்டாயச் சேமிப்பு என்று பெரியவர்கள் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் சேமிப்பு எப்படி வளர்ந்தது என்று கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். அது வளரவே இல்லை என்றால், விகிதம் என்ன சொன்னாலும், "வாடகையில் இருந்துகொண்டு சேமிப்பேன்" என்ற திட்டத்தை நான் நம்பச் சொல்லமாட்டேன்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்பது உறுதியா?

மேலே 4 சதவீதம் ஏறும் என்று போட்டோம். அந்த ஒரு எண்ணை 8 என்று மாற்றினால் உடனே வீடு வாங்க ஓடத் தோன்றும். 1 என்று மாற்றினால் வாடகையே சொர்க்கமாகத் தெரியும். அதனால் இந்த எண்ணை ஆசையால் நிரப்பக் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் ஹெரன்கிராக்ட் என்ற கால்வாய்க் கரையில் உள்ள வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் தொகுத்தார். நகரின் மிகச் சிறந்த குடியிருப்புகளுள் ஒன்று அது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டில் விலை இரு மடங்குதான் ஆகியிருந்தது. ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட நில விலை, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006-க்கும் 2012-க்கும் இடையே வீட்டு விலை சராசரியாகக் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அயர்லாந்தில் 2007-க்குப் பிறகு வந்த சரிவு ஏறக்குறைய பாதியளவு. இந்த ஊர்களிலும் சரிவுக்கு முந்தைய நாள்வரை "நிலம் ஒருபோதும் இறங்காது" என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் வாங்கியவர் இப்படிப்பட்ட சரிவைக் காத்திருந்து கடந்துவிடுவார். ஐம்பதில் அகப்பட்டவருக்குக் காத்திருக்கும் காலம் குறைவு.

இதனோடு, வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் செலவையும் சேர்க்க வேண்டும். பத்திரப்பதிவு, வரி, தரகு, வங்கிக் கட்டணம், குடிபோகும் செலவு எல்லாம் சேர்ந்து விலையில் 10 சதவீதம் ஆகிறது என்று வைப்போம். மூன்றே ஆண்டில் விற்றுவிட்டால் ஆண்டுக்கு 3.3 வீதம் கூடுதல் செலவு. பதினைந்து ஆண்டுகள் இருந்தால் 0.7 கூட வராது. குறைந்தது ஏழெட்டு ஆண்டுகள் அந்த ஊரில் இருப்பது நிச்சயம் இல்லையென்றால் வாங்கும் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

நாற்பதைத் தாண்டினால் என்ன மாறுகிறது?

இதுவரை சொன்னது எந்த வயதினருக்கும் பொருந்தும். நடுவயதில் கூடுதலாக ஒரு கடிகாரம் ஓடுகிறது. 45 வயதில் எடுக்கும் 20 ஆண்டுக் கடன் 65-இல் முடியும். உங்கள் கடைசிச் சம்பளம் 60-இல் என்றால், ஐந்து ஆண்டுத் தவணையை எதை வைத்துக் கட்டுவீர்கள்? ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து அடைத்துவிடலாம் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தப் பணம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒதுக்கியது. கடனின் கடைசித் தவணை, கடைசிச் சம்பளத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பாவது முடிய வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க முடியாத விதியாகவே சொல்வேன்.

அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? அதே 1,00,000 கடனை 20 ஆண்டுக்குப் பதில் 15 ஆண்டில் தீர்க்க மாதத் தவணை 836-இலிருந்து 956 ஆகிறது. 12 ஆண்டில் தீர்க்க 1,082. பன்னிரண்டு ஆண்டுத் திட்டத்தில் தவணை ஏறக்குறைய 29 சதவீதம் கூடுகிறது, ஆனால் வட்டியில் 45,000 மிச்சமாகிறது. 1,082 உங்களால் கட்ட முடியாது என்றால், உங்களுக்கு ஏற்ற வீடு இதைவிடச் சிறியது என்று பொருள். தவணைக் காலத்தை நீட்டி அந்த உண்மையை மறைத்துக்கொள்ள முயல வேண்டாம்.

அடுத்து, செலவுகள் ஒன்றோடொன்று மோதும் காலம் இது. பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது என்றால் ஆறாவது ஆண்டில் கல்லூரிக் கட்டணம் வரும். பெற்றோருக்கு எழுபத்தைந்து என்றால் மருத்துவச் செலவு எந்த ஆண்டிலும் வரலாம். ஐம்பதைக் கடந்தவர் வேலை இழந்தால் அதே சம்பளத்தில் மறுவேலை கிடைக்கக் கூடுதல் காலம் ஆகும். ஒரு தாளில் அடுத்த பதினைந்து ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வோர் ஆண்டுக்கு எதிரேயும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வயதையும் குறித்துப் பாருங்கள். மூத்த பெண்ணின் கல்லூரியும் அப்பாவின் எண்பதும் ஒரே வரியில் வந்து நிற்கும். அந்த வரியில் தவணையையும் எழுதிப் பார்க்கும்போது வரும் தெளிவு வேறெந்தக் கணக்கிலும் வராது.

சொத்து முழுவதும் ஒரே வீட்டில் முடங்கும் ஆபத்தும் இந்த வயதில்தான் கூடுதல். தேவை வரும்போது வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்று மருத்துவமனைக்குக் கட்ட முடியாது. வாங்கிய மறுநாளும் குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவும் தவணையும் கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்பைத் துடைத்தெடுத்து முன்பணம் கட்டுவதைவிட இன்னும் இரண்டு ஆண்டு வாடகையில் இருப்பது மேல்.

நடுவயதுக்குச் சாதகங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சம்பளம் பெரும்பாலும் உச்சத்தை நெருங்கியிருக்கும். சேமிப்பு இருப்பதால் கையிலிருந்து போடும் பங்கைக் கூட்டி, கடனைக் குறைக்க முடியும். எந்த ஊரில், எந்தச் சூழலில் வாழ விருப்பம் என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கும். முப்பது வயதில் வாங்கிவிட்டு வேலைக்காக ஊர் மாறித் தவித்தவர்களின் சிக்கல் இவர்களுக்குக் குறைவு. சிலருக்குப் பெற்றோரின் வீடு பின்னாளில் வரவிருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டாவதாக ஒரு வீட்டுக்குக் கடன்படுவது ஏன் என்று உடன்பிறந்தவர்களோடு வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

பணத்தில் அடங்காதது ஒன்று இருக்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது முதலீட்டைப் பற்றி அன்று. நாளை காலி செய்யுங்கள் என்று யாரும் சொல்ல முடியாத நிம்மதியைப் பற்றி. அந்த நிம்மதிக்கு ஒரு விலை கொடுப்பதில் தவறே இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே பார்த்த உதாரணத்தில் 4.8-க்கும் 3-க்கும் உள்ள 1.8தான் அந்த விலை. ஒரு குடும்பம் அதை மனமொப்பிக் கொடுக்கலாம்.

வாடகையின் பாதுகாப்பு ஊருக்கு ஊர் பெரிதும் மாறுகிறது. ஜெர்மனியில் காலவரையற்ற வாடகை ஒப்பந்தத்தை, சொந்த உபயோகம் போன்ற சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் உரிமையாளர் முறிக்க முடியாது. அங்கும் சுவிட்சர்லாந்திலும் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகையில்தான் வாழ்கின்றன, அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. சட்டம் அவ்வளவு காப்பு தராத இடத்தில் எழுபது வயதில் வீடு மாறுவது கொடுமை. முதியவர்களுக்கு வீடு தரத் தயங்கும் உரிமையாளர்கள் இருக்கும் ஊரில், வாடகையிலேயே இருக்கப் போகிறவர்கள் அந்த முதுமைக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. பிள்ளைகள் படிக்கும்வரை பள்ளிக்கும் வேலைக்கும் பக்கத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, ஓய்வை நெருங்கும்போது இருவருக்குப் போதுமான சிறிய வீட்டைச் சேமிப்பிலிருந்தே வாங்குவது. மூன்று படுக்கையறை வேண்டும் என்று இன்று தோன்றுகிறது. பிள்ளைகள் எட்டு ஆண்டில் வெளியேறிவிடுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு அறைகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பதற்குத்தான் தவணை கட்டுவீர்கள். இப்போதே வாங்கினாலும், எழுபத்தைந்து வயது உடம்போடு அந்த வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியா, குளியலறை வாசலில் உயரமான படி இருக்கிறதா, மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விற்பனைப் பிரதிநிதி இவற்றைச் சொல்லமாட்டார்.

வாங்குவது என்று முடிவானால், கடன் தொகை அளவுக்கு ஆயுள் காப்பீடு எடுப்பதையும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் பதிவதையும் தள்ளிப்போடாதீர்கள். சம்பாதிப்பவர் போய்விட்டால் எஞ்சியவரிடம் துயரத்தோடு கடனும் வந்து நிற்கக் கூடாது.

இன்னும் மனம் இரண்டு பக்கமும் ஆடினால், ஆறு மாதம் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் வீட்டுக்கு ஆகும் தவணை, பராமரிப்பு, வரி எல்லாவற்றையும் கூட்டி, அதில் இப்போதைய வாடகையைக் கழித்து, மிச்சத்தை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியிலேயே தனிக் கணக்கில் போடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது. மூன்றாவது மாதமே திணறினால், அந்த வீடு உங்கள் சக்திக்கு மீறியது என்பது கடன் வாங்காமலேயே தெரிந்துவிட்டது. திணறாமல் ஆறு மாதம் ஓடிவிட்டால், வாங்கும்போது அந்தப் பணம் அவசர நிதியில் சேர்ந்துகொள்ளும். வாங்க வேண்டாம் என்று தோன்றினால், கணக்கை மூடாமல் ஏழாவது மாதமும் போடுங்கள்.